வானொலி அலையால் கோளை எடைபோடுதல்

மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய சாலையில் விரைந்து நெருங்கும் பேருந்தின் ஹாரன் ஒலியின் சுருதி உயர்ந்தும், கடந்து சென்றபின் தாழ்ந்தும் கேட்பதற்குக் காரணமான டாப்ளர் விளைவே கோள்களின் ஈர்ப்பை அளக்கவும் பயன்படுகிறது. 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்த மங்கள்யான் விண்கலத்தை, பெங்களூருக்கு அருகே பியாலாலுவில் உள்ள 32 மீட்டர் விட்டமுடைய ஆண்டெனா இவ்வாறே பின்தொடர்ந்தது. தரையிலிருந்து சென்ற அலையைக் கலம் பெற்றுத் திருப்பியனுப்ப, அந்த அலையின் அதிர்வெண், அதாவது ஒரு நொடியில் அது அதிரும் எண்ணிக்கை, எவ்வளவு மாறியுள்ளது என்பதிலிருந்து கலத்தின் வேகம் கணிக்கப்பட்டது. நொடிக்கு சுமார் 230 கோடி முறை அதிரும் அலையில், வேகம் நொடிக்கு 1 மீட்டர் மாறினால் ஏறத்தாழ 15 அதிர்வுகளே வேறுபடும் என்பதை நோக்கினால் இவ்வளவீட்டின் நுட்பம் விளங்கும். அலை சென்று திரும்பும் நேரம் தொலைவைத் தந்தது. செவ்வாயை அடைந்த நாளில் ஒருவழிப் பயணத்துக்கே 12 நிமிடங்களுக்கு மேல் பிடித்தது.

இவற்றால் தெளிவான பாதை, செவ்வாயின் தரையிலிருந்து சுமார் 422 கிலோமீட்டர் வரை நெருங்கி, 77,000 கிலோமீட்டர் வரை விலகி, ஏறத்தாழ 73 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும் நீள்வட்டமாகும். பாதையின் அளவும் சுற்றும் காலமும் தெரிந்தால், கெப்ளரின் மூன்றாம் விதிக்கு நியூட்டன் தந்த விரிவின்படி, கோளின் நிறை கிடைத்துவிடும். செவ்வாயின் நிறை, பூமியின் நிறையில் ஒன்பதில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. மங்கள்யானின் பாதை மிக நீண்டதாதலால், மலைக்கு மலை மாறும் ஈர்ப்பின் நுண்வேறுபாடுகளை அறிய அது ஏற்றதன்று. அவற்றைப் படமாக்க உதவியவை, தாழ்வாகச் சுற்றிய மார்ஸ் குளோபல் சர்வேயர் போன்ற அமெரிக்கக் கலங்களே. 6 மாதப் பணிக்கென அனுப்பப்பட்ட மங்கள்யானுடனான தொடர்பு 2022 ஏப்ரலில்தான் அறுந்தது.