மழைக்கு முன்பே துளிர்க்கும் மரங்கள்

சித்திரை மாதம். கண்மாய் வறண்டு வெடித்துக் கிடக்கிறது. வரப்புப் புல் கருகிவிட்டது. கடைசியாக நல்ல மழை பெய்து நான்கைந்து மாதம் ஆகியிருக்கும். இந்த நேரத்தில்தான் சாலையோரப் புங்கமரம் தளதளவென்று புது இலையோடு நிற்கிறது. வேம்பு துளிர்த்துப் பூத்துக் குலுங்குகிறது. அரசமரம் செம்பு நிறக் கொழுந்தைக் காற்றில் அசைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு சொட்டு மழையில்லாமல் இந்த மரங்களுக்கு இவ்வளவு பச்சை எங்கிருந்து வந்தது?

விடை தேட, காலை வெயில் ஏறுவதற்குள் ஒரு சிறு நடை போய்வரலாம். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம், அழகர்மலைக் காப்புக்காட்டை ஒட்டியிருக்கும் காசம்பட்டி அதற்குப் பொருத்தமான ஊர். உழவுக் காடு, மாந்தோப்பு, கோயில் காடு மூன்றையும் அங்கே பார்த்துவிடலாம்.

முதலில் வருவது உழுது போட்ட நிலம். விதைக்க மாதக்கணக்கு இருக்கும்போதே ஏன் உழுகிறார்கள்? சித்திரை உழவு பத்தரை மாற்றுத் தங்கம் என்பது பழமொழி. அதற்குள் இருப்பது மண் அறிவியல். இறுகிப்போன மேல்மண்ணில் கோடை மழை விழுந்தால் பெரும்பகுதி வழிந்தோடிவிடும். கட்டி உடைத்துப் போட்ட நிலமோ விழுந்த மழையை அப்படியே வாங்கிக்கொள்ளும். இன்னொரு பயனும் உண்டு. 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்து மக்காச்சோளத்தைச் சூறையாடிய படைப்புழு, மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகிறது. ஆழ உழுதால் அந்தக் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலில் காய்கின்றன. மிச்சத்தைக் கரிச்சானும் மைனாவும் கொக்கும் பார்த்துக்கொள்கின்றன.

உழவர் மழைக்குத் தயாராகும் இதே மாதத்தில் மரமும் தயாராகிறது. மாசி, பங்குனியில் இலைகள் கொட்டுவதைப் பார்த்திருப்போம். இலை இருக்கும்வரை அதன் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். முற்றிய இலைகளை உதிர்த்ததும் அந்தச் செலவு நின்றுவிடுகிறது. ஆனால் வேர் நிற்பதில்லை. மேல்மண் சுட்டாலும் ஆழத்தில் ஈரம் இருக்கிறது. அதை உறிஞ்சி, வறண்டுபோன தண்டை மெல்ல நிரப்புகிறது. தண்டில் நீர் நிறைந்ததும் மொட்டு விரியத் தொடங்குகிறது. நாம் காணும் கோடைத் துளிர், சென்ற ஐப்பசி, கார்த்திகை மழையின் சேமிப்பு.

எப்போது துளிர்க்க வேண்டும் என்று மரம் எப்படி அறிகிறது? பல வெப்பமண்டல மரங்களுக்குப் பகலின் நீளமே நாள்காட்டி. நம் பகுதியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பங்குனிக்குப் பின் நாளுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே கூடும் இந்த வெளிச்சத்தை அவை உணர்ந்துகொள்கின்றன. வானிலை அறிக்கை தவறலாம், பருவமழை தள்ளிப்போகலாம். பகலின் நீளம் பிசகுவதே இல்லை.

இப்படி முந்திக்கொள்வதில் மரத்துக்கு என்ன லாபம்? முதுமலைக் காட்டில் கே.எஸ். முரளியும் யானை ஆய்வாளர் ராமன் சுகுமாரும் 1988 முதல் 1990 வரை செய்த ஆய்வு இதற்கு அழகான விடை தந்தது. அங்கே மரங்களின் துளிர்ப்பு மழைக்கு முன்பே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. இலை தின்னும் பூச்சிகளோ மழையோடுதான் பெருகுகின்றன. முன்பே துளிர்த்த மரங்களைவிட, தாமதமாகத் துளிர்த்த மரங்களுக்குப் பூச்சிகளால் அதிகச் சேதம் ஏற்பட்டது. பூச்சிப் படை வருவதற்குள் இலை முற்றிக் கெட்டியாகிவிட வேண்டும். இதுதான் கணக்கு.

அரசங்கொழுந்து ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மெல்லியது, வழுவழுப்பானது, தொங்கிக் கிடப்பது, நிறம் செம்பு. பச்சையம் இன்னும் முழுதாக ஊறவில்லை. அந்தச் செம்மையைத் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமி, கடும் வெயில் இளம் திசுவைச் சிதைக்காமல் காக்கிறது. குடை பிடித்துக்கொண்டு பிறக்கும் இலை அது.

மாந்தோப்புக்குள் நுழைந்தால் கிளை நுனியில் பந்துபோல் ஒட்டிய இலைகள் தெரியும். முசுறு எறும்பின் கூடு. கூடு கட்டும்போது சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். ஒரு வரிசை எறும்புகள் இரண்டு இலைகளின் விளிம்பைக் கவ்வி இழுத்துச் சேர்க்கின்றன. வேறு சில எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் பிடித்துக்கொண்டு இங்கும் அங்குமாக நகர்த்த, புழு சுரக்கும் பட்டிழை இலைகளைத் தைக்கிறது. தைத்த வீட்டைச் சுற்றியுள்ள கிளைகளில் எறும்புகள் புழு பூச்சிகளை வேட்டையாடுகின்றன. ஆரஞ்சுத் தோப்புகளைக் காக்க இந்த எறும்புக் கூடுகளைச் சீனர்கள் 1,700 ஆண்டுகளுக்கு முன்பே பயன்படுத்தினார்கள்.

தோப்பைத் தாண்டினால் வீரணன் சாமி குடியிருக்கும் கோயில் காடு. உள்ளே கால் வைத்ததுமே வெக்கை குறைகிறது. நிழல் ஒரு காரணம். இலைகளிலிருந்து ஆவியாகும் நீர் மற்றொரு காரணம். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை நீர், சுற்றியுள்ள காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. காலடியில் மெத்தென்று கிடக்கும் சருகு, மண்ணின் ஈரம் வெயிலில் போகாமல் மூடிக் காக்கிறது. அடுத்த கோடையின் துளிருக்கான நீர் இப்படித்தான் மண்ணுக்குள் தங்குகிறது.

சாமிக்குப் பயந்து ஊரார் காத்துவந்த இந்தக் காட்டின் பரப்பு 4.97 ஹெக்டேர்தான். 2025 மார்ச்சில் தமிழக அரசு இதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்கு அடுத்து மாநிலத்தில் இந்தத் தகுதி பெற்ற இரண்டாவது இடம் இது.

இப்படி அறிவிக்கப்படாத கோயில் காடுகள் நம் ஊர்களில் எத்தனையோ உண்டு. உங்கள் ஊரில் ஒன்று இருந்தால், திருப்பணி என்ற பெயரில் அதன் தரைக்கு சிமென்ட் போட விடாதீர்கள். சருகைக் கூட்டிக் கொளுத்த விடாதீர்கள். மரத்தின் சேமிப்புக் கணக்கு அந்தச் சருகுக்கு அடியில்தான் இருக்கிறது.