ஓய்வு பெற்றும் விடவில்லை பந்து: லூயிஸ் கார்சியாவைத் தெரியுமா?

கோடு தாண்டியதா இல்லையா என்று இருபது வருஷத்துக்குப் பிறகும் அடித்துக்கொள்ள வைக்கும் ஒரு கோல் உண்டு, தெரியுமா?

2005 மே 3, லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானம். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், எதிரே செல்சி. ஆரம்பித்து நாலே நிமிஷம்! பாய்ந்து வந்த லிவர்பூல் வீரர் மிலன் பரோஷை செல்சி கோல்கீப்பர் செக் இடித்துத் தள்ள, உருண்டு வந்த பந்தை லிவர்பூலின் ஸ்பெயின்காரர் லூயிஸ் கார்சியா தட்டிவிடுகிறார். கோட்டருகே காலை வீசி வெளியே தள்ளுகிறார் செல்சியின் வில்லியம் கல்லாஸ். அதற்குள் கோல் என்று அறிவித்தாயிற்று! செல்சி பயிற்சியாளர் மொரின்யோ அதைப் 'பேய் கோல்' என்றார். கோலா இல்லையா என்று சொல்லும் கோல்லைன் தொழில்நுட்பம் அன்று இல்லவே இல்லை. இதைவிட ஆச்சரியம், நடுவர் மிஷெல் பிறகு சொன்னது: கோல் கொடுக்காமல் இருந்தால் பெனால்டியும் கொடுத்து, செக்கை வெளியேயும் அனுப்பியிருப்பாராம்!

இரண்டு ஆட்டமும் சேர்த்து விழுந்தது அந்த ஒரே ஒரு கோல்தான். அதை வைத்தே லிவர்பூல் இஸ்தான்புல் இறுதியாட்டத்துக்குப் போனது. அங்கே இத்தாலியின் ஏ.சி. மிலன் அணியிடம் இடைவேளையில் 0-3. ஆனால் கடைசியில் கோப்பை யாருக்கு? பெனால்டியில் லிவர்பூலுக்கே!

அந்த நாக்-அவுட் சுற்றுகளில் மட்டும் கார்சியா அடித்தது 5 கோல். லெவர்குசனுக்கு எதிராக 3, ஜுவென்டஸுக்கு எதிராக 1, பிறகு இந்தப் பேய் கோல். எனக்கு எல்லாவற்றிலும் உயர்ந்தது ஜுவென்டஸ் கோல்தான். தூரத்திலிருந்து, துள்ளி வந்த பந்தை இடது காலால் ஒரே வீச்சு! அன்றைய உலகின் தலைசிறந்த கோல்கீப்பர் புஃபோனின் தலைக்கு மேலே போய், வலைக்கு முன்னால் சட்டென்று தாழ்ந்து விழுந்தது. எத்தனை முறை பார்த்தாலும் உடம்பு சிலிர்க்கும்.

பாதலோனாவில் 1978-ல் பிறந்து பார்சிலோனா பட்டறையில் வளர்ந்த இந்தக் குட்டை மனிதர் ஸ்பெயினுக்காக என்ன செய்தார் தெரியுமா? 2006 உலகக் கோப்பைக்குப் போக ஸ்லோவாக்கியாவுடன் பிளேஆஃப். மாட்ரிட்டில் 5-1 வெற்றி, அதில் ஹாட்ரிக் கார்சியாவுக்கு!

2007-ல் முழங்கால் தசைநார் கிழிந்தது. பிறகு மாட்ரிட், ஏதென்ஸ், மெக்சிகோ என்று சுற்றி 2014 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார்.

முடிந்ததா? இல்லை! அதே வருஷம் நம் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பிறந்தபோது, ஓய்வை உதறிவிட்டு, கிரிக்கெட் நட்சத்திரம் கங்குலி பங்குதாரராக இருந்த அட்லெடிகோ டி கொல்கத்தாவுக்கு வந்துவிட்டார். முதல் ஐ.எஸ்.எல். கோப்பை அந்த அணிக்கே! இறுதியில் தோற்றது யார் தெரியுமா? சச்சின் பங்குதாரராக இருந்த கேரளா பிளாஸ்டர்ஸ்! கொல்கத்தாவின் ரஃபீக் தலையால் முட்டிய கோல், கூடுதல் நிமிஷத்தில்.

அதற்கப்புறமும் அவருக்கு ஆசை அடங்கவில்லை. 2016-ல், 37 வயதில், ஆஸ்திரேலியாவின் சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ் அணிக்காகவும் பூட்ஸ் கட்டினார்!