ஜின்களுக்கு ஒரு மனு

குண்டலுபேட்டையில் குடியேறியுள்ள நம் குழந்தைகள், அண்டை வீட்டு முஸ்லிம் சிறுவரிடம் "ஜின்" என்ற சொல்லைக் கேட்டதும், கொள்ளிவாய்ப் பிசாசென்றெண்ணி அஞ்சுகின்றனர். அவ்வச்சம் வேண்டுவதில்லை.

ஜின்கள் புகையற்ற நெருப்புக் கொழுந்தினின்று படைக்கப்பட்டவர்கள் என்கிறது திருக்குர்ஆன். அதன் 72ஆம் அத்தியாயத்தின் பெயரே "ஜின்" என்பதாம். மனிதரைப் போலவே அவர்களுள்ளும் நல்லோரும் தீயோரும் உண்டென அது கூறுகிறது. வலிமை மிக்க ஜின்னுக்கு "இஃப்ரீத்" என்று பெயர்.

ஜின்களை நாடிச் செல்வோரும் உளர். டில்லியில் பிரோஸ் ஷா துக்ளக் 1354இல் எழுப்பிய கோட்டையின் இடிபாடுகளில், வியாழக்கிழமைதோறும் முஸ்லிம்களும் இந்துக்களும் ஜின்களுக்கு மனு எழுதி வைப்பது வழக்கம். ஒரே மனுவுக்குப் பல நகல்கள்! நோய், வேலை, திருமணம் என்று குறைகள் யாவருக்கும் ஒன்றே. ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு இது நன்றாகவே விளங்குகிறது.

அண்டை வீட்டாரின் ஜின்னைப் பூச்சாண்டியாகக் காட்டிச் சோறூட்டாதிருப்போமாக!