சிங்கப்பூர் – நியூயார்க் வான்வழித் தொலைவு

சிங்கப்பூருக்கும் ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகருக்கும் இடையிலான மிகக் குறுகிய வான்வழித் தொலைவு ஏறத்தாழ 15,340 கி.மீ. ஆகும். இடையில் எங்கும் இறங்காத பயணிகள் வானூர்தி இப்பயணத்திற்கு ஏறத்தாழ 18 முதல் 19 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. எனினும் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்லும் வானூர்திகள் பெரும்பாலும் இக்குறுகிய வழியில் பறப்பதில்லை.

தொலைவைக் கணித்தல்

கோளத்தின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி, அவற்றினூடாகச் செல்லும் பெருவட்டத்தின் சிறிய வில்லாகும். சிங்கப்பூர் ஏறத்தாழ 104° கிழக்கு நெடுங்கோட்டிலும், நியூயார்க் 74° மேற்கு நெடுங்கோட்டிலும் அமைந்துள்ளன. இரண்டிற்கும் உள்ள இடைவெளி 178° என்பதால், பெருவட்ட வில் மங்கோலியா, சைபீரியா வழியாக வடதுருவத்தை ஒட்டிச் சென்று கனடாவில் இறங்குகிறது. சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் இது தெரியாது. புவிக்கோளத்தில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் உடனே விளங்கும்.

இதனால் கணக்கும் எளிதாகிறது. சிங்கப்பூரிலிருந்து (1.4° வடக்கு) துருவம் வரை 88.6°, துருவத்திலிருந்து நியூயார்க் (40.6° வடக்கு) வரை 49.4°, மொத்தம் 138°. ஒரு பாகைக்கு 111 கி.மீ. எனக் கொண்டால் 15,318 கி.மீ. கிடைக்கிறது. கையால் போடும் கணக்கிற்கு இது மிக நல்ல விடையாகும்.

காற்றும் பறப்பு நேரமும்

காற்றே இல்லையெனில், மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் குறுகிய வழியைக் கடக்க 17 மணி நேரம் ஆகும். வட பசிபிக் பெருங்கடல் வழியாகச் சென்றால் தொலைவு 1,000 கி.மீ.க்கு மேல் கூடுகிறது. ஆனால் அங்கு உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. 16,500 கி.மீ. நீளமுள்ள வழியில் சராசரியாக மணிக்கு 70 கி.மீ. பின்காற்று கிடைத்தாலே (16,500 ÷ 970) அதே 17 மணி நேரத்தில் சென்றுவிடலாம். காற்று அதைவிட வலுவாயின் நீண்ட வழியே விரைவான வழியாகும். புறப்பாடு, தரையிறக்கம், ஓடுபாதைக்குச் செல்லும் நேரம் முதலியன இதனுடன் சேர்கின்றன.

திரும்பும்போது பசிபிக் வழியில் அதே காற்று எதிர்க்காற்றாகிவிடும். ஆகவே துருவப் பகுதியை ஒட்டியோ, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து ஐரோப்பா வழியாகவோ பறப்பதுண்டு. பசிபிக் வழியாகச் சென்று அட்லாண்டிக் வழியாகத் திரும்பும் பயணி, தாம் அறியாமலேயே உலகைச் சுற்றி வந்தவராகிறார்.

எரிபொருள்

தொலைவைவிடப் பெரிய சிக்கல் எரிபொருளின் எடையாகும். பயணத்தின் இறுதியில் எரியவேண்டிய எரிபொருளைச் சுமப்பதற்கே தொடக்கத்தில் எரிபொருள் செலவாகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்சு 2004 சூன் மாதத்தில் நியூயார்க்கை அடுத்த நுவார்க் விமான நிலையத்திற்கு நான்கு பொறிகள் கொண்ட ஏர்பசு ஏ340-500 வானூர்தியில் இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. எரிபொருட் செலவு கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் அது நிறுத்தப்பட்டது. 2018 அக்டோபரில் இரு பொறிகள் கொண்ட ஏ350-900 வானூர்தியின் மிகைநெடுந்தொலைவு வகையால் சேவை மீண்டும் தொடங்கியது. இது 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும்; வழக்கமான வகையைவிட 24,000 லிட்டர் கூடுதல். அதற்கு ஈடாக இருக்கைகள் 161 மட்டுமே. சாதாரண வகுப்பு கிடையாது. 2020 நவம்பரில் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்திற்கும் சேவை தொடங்கப்பட்டது.

நேர வேறுபாடு

சிங்கப்பூர் நேரம் நியூயார்க் நேரத்தைவிடக் குளிர்காலத்தில் 13 மணியும் கோடையில் 12 மணியும் முன்னதாகும். கோடையில் திங்கள் நண்பகல் சிங்கப்பூரில் புறப்படுபவர் அதே திங்கள் மாலை நியூயார்க்கில் இறங்குவார். நியூயார்க்கில் திங்கள் இரவு 10 மணிக்குப் புறப்படுபவர் சிங்கப்பூரை அடையும்போது புதன் விடியற்காலையாகியிருக்கும். செவ்வாய்க்கிழமை முழுவதும் வானிலேயே கழிந்துவிடும்.