டிக் டிக் சத்தமா? முதலில் சுவிட்சை அணையுங்கள்

திருப்பூர் காதர்பேட்டையில் பகல் முழுக்க பனியன் பண்டல்களோடு மல்லுக்கட்டும் சிறு வியாபாரிகள் பலருக்குக் கணக்கு வேலை வீட்டில்தான். ஷட்டரை இறக்கிவிட்டு வீடு திரும்பி, பிள்ளைகள் படிக்கிற அதே கம்ப்யூட்டரில் டேலியைத் திறந்து அன்றைய பில்களைப் போடுகிறார்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவோ, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. இத்தனை வருட வரவு செலவு, வெளியூர் பாக்கி, எம்பிராய்டரி டிசைன், குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் எல்லாமே மேசைக்கடியில் இருக்கும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில். ஒரு நாள் காலை அது இயங்க மறுத்தால், அடுத்த அரை மணி நேரத்தில் வீட்டில் நடப்பதைப் பொறுத்தே பெரும்பாலும் தகவல்கள் பிழைக்கின்றன, அல்லது போகின்றன.

பூட் ஆகவில்லை என்று திரையில் வந்ததுமே டிஸ்க் போய்விட்டதாக முடிவு கட்ட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால், டிஸ்க்கின் பின்புறம் இரண்டு இணைப்புகள் தெரியும். ஒன்று எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மின்சாரம், மற்றது மதர்போர்டுக்குப் போகும் தட்டையான சாட்டா கேபிள். இரண்டையும் கழற்றி அழுத்திச் செருகுங்கள். முடிந்தால் கேபிளையே மாற்றிப் பாருங்கள். தளர்ந்த கேபிளால் நின்றுபோன கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க் வாங்கியவர்கள் உண்டு. பிறகு பயாஸ் திரையில் டிஸ்க்கின் பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் வந்தும் விண்டோஸ் ஏறவில்லை என்றால், கெட்டது விண்டோஸாகவோ டிஸ்க்கின் ஒரு பகுதியாகவோ இருக்கலாம். பெயரும் இல்லை, சுழலும் அதிர்வும் இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் மின்சாரத்தில் அல்லது டிஸ்க்கின் சர்க்யூட் போர்டில்.

‘டிக்... டிக்...’ என்று சீராகத் தட்டும் சத்தம் கேட்டால் மேற்கொண்டு எதையும் சோதிக்கக் கூடாது.

உள்ளே வட்டத் தகடு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. அதைப் படிக்கும் ஹெட், தகட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். ஹெட் தன் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வதுதான் அந்தச் சத்தம். பழுதான ஹெட் தகட்டில் உரசினால், தகவல் பதிந்திருக்கும் காந்தப் பூச்சு சுரண்டப்படும். சுரண்டியது போனதுதான். ‘இன்னும் ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்ப்போம்’ என்ற ஆசையில் நாசமாவது இந்தப் பூச்சுதான்.

டிஸ்க் மெதுவாகவாவது திறந்தால், முதல் வேலை காப்பி எடுப்பது, ரிப்பேர் அப்புறம். அதை வேறொரு கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக இணைத்து, டேலி ஃபோல்டரை முதலிலும் படங்களை அடுத்தும் எடுக்கலாம். லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் டிடிரெஸ்க்யூ, படிக்க முடிகிற இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். பலர் உடனே ‘செக் டிஸ்க்’ ஓட்டுகிறார்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவைத்து, அதன் மேலேயே எழுதவும் செய்யும் வேலை அது. அதைவிட மோசம், ‘ஓஎஸ் போட்டுத் தர்றேன்’ என்று அதே டிஸ்க்கில் புது விண்டோஸை ஏற்றுவது. சிலர் சொல்வதுபோல் டிஸ்க்கை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் உள்ளே ஈரம் கோக்கும். மூடியைத் திறந்தால் தூசி இறங்கும். பஞ்சு பறக்கும் ஊரில் சொல்லவே வேண்டாம்.

அதற்காக நம்பிக்கையைக் கைவிட வேண்டியதும் இல்லை. கல்பனா சாவ்லா உயிரிழந்த கொலம்பியா விண்கலம் 2003 பிப்ரவரி 1 அன்று சிதறியபோது தரையில் விழுந்த ஒரு ஹார்ட் டிஸ்க், கருகி உருக்குலைந்த நிலையில் கிடைத்தது. க்ரோல் ஆன்ட்ராக் நிறுவனம் அதிலிருந்து 99 சதவீதத் தகவலை மீட்டது. தகட்டில் சேதமான இடம், நல்லவேளையாக, தகவல் எழுதப்படாத காலிப் பகுதி. அதில் இருந்த செனான் வாயு ஆய்வு 2008-ல் வெளியானது. கணக்கு அவ்வளவு முக்கியம் என்றால், சுத்த அறை வசதி உள்ள மீட்பு நிறுவனத்துக்கு டிஸ்க்கை அப்படியே அனுப்புவதே சரி.

முன்னறிவிப்பு கிடைக்குமா? கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றி எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்புகளைக் காட்டும். அதில் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு நேரே உள்ள மூல மதிப்பு ஏறிக்கொண்டே போனால் ஆபத்து. 199 ஏறினால் முதல் சந்தேகம் கேபிள் மேல். ஆனால், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து கூகுள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், செத்துப்போனவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த அறிகுறியும் காட்டவில்லை. சத்தமே போடாத எஸ்எஸ்டியும் திடீரென்று நிற்கக்கூடியதுதான்.

ஆக, பேக்கப் கட்டாயம். அதை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். 2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் பஜாரில் பிடித்த தீயில் சுமார் 50 கடைகள் எரிந்தன. கடையிலேயே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களின் பேக்கப் பென்டிரைவும் கடை கல்லாவிலேயே இருந்தால், அப்படியொரு இரவில் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு காப்பி கடையில், ஒன்று வீட்டில், ஒன்று கிளவுடில் என்று பிரித்து வைக்கலாம். மாதம் ஒருமுறை அந்தப் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, கடைசி பில் நம்பர் வரை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும்.