ஆபீஸ் சேருக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்? ஒரு மணி நேரக் கணக்கு



"மாசம் 32,000 சம்பளம். வாரத்துல மூணு நாள் வீட்டுலேர்ந்து வேலை. முதுகு வலிக்குது. 25,000 ரூபாய் சேரை நோ காஸ்ட் இஎம்ஐல வாங்கலாமா சார்?" இந்த மாதிரி கேள்வி நமக்கு அடிக்கடி வருது. வேண்டாம்னு ஒரே வார்த்தையில சொல்லிடலாம். ஆனா 3,500 ரூபாய் சேரும் வேண்டாம்னுதான் சொல்வேன். ஏன்னு பார்க்கறதுக்கு முன்னாடி, நானே செஞ்ச தப்பைச் சொல்லிடறேன்.

சிஏ ஆர்ட்டிகிள்ஷிப் மூணு வருஷமும் கிளையன்ட் ஆபீஸ்ல மிச்சமிருக்கிற பிளாஸ்டிக் சேர்தான் எங்களுக்கு. அந்த ஏக்கத்துல, சொந்தமா பிராக்டிஸ் ஆரம்பிச்சதும் முதல் வேலையா ஒரு கேமிங் சேர் வாங்கினேன். சிவப்பும் கறுப்புமா ரேஸ் கார் சீட் மாதிரி இருக்கும். 9,000 ரூபாய். உட்கார்ந்து பார்க்கல, போட்டோவைப் பார்த்து வாங்கினது. செப்டம்பர் ஆடிட் சீசன்ல தினம் 12 மணி நேரம் அதுலதான். அக்டோபர்ல பிசியோதெரபி, பத்து சிட்டிங், ஒவ்வொண்ணும் 500. வாரண்டி முடிஞ்ச ரெண்டாவது மாசம் ஹைட்ராலிக் போயிடுச்சு. உட்கார்ந்தா லிஃப்ட் மாதிரி தானா கீழே இறங்கும். அதை மாத்த 900. ஆக, 9,000 ரூபாய் சேர் எனக்கு 14,900 ஆச்சு.

அதுக்கப்புறம் சேர் விலையை நான் மணி நேரத்தாலதான் வகுத்துப் பார்க்கறேன். வாரம் மூணு நாள், வருஷத்துக்கு 50 வாரம், நாளுக்கு 8 மணி நேரம். மொத்தம் 1,200 மணி நேரம். 4,000 ரூபாய் சேர் ஒன்றரை வருஷம் ஓடினா ஒரு மணி நேரத்துக்கு 2 ரூபாய் 22 பைசா. 10,000 ரூபாய் சேர் அஞ்சு வருஷம் ஓடினா 1 ரூபாய் 67 பைசா. 25,000 ரூபாய் சேர் பத்து வருஷமே ஓடினாலும் 2 ரூபாய் 8 பைசா. எத்தனை வருஷம் ஓடும்ங்கறது என் அனுபவத்துல வெச்ச உத்தேசம்தான், உங்க எண்ணைப் போட்டுப் பாருங்க. அஞ்சு நாளும் வீட்டுலதான் வேலைன்னா கொஞ்சம் அதிகம் போடறதுல நியாயம் இருக்கு. வாரம் ஒரு நாள்தான்னா, இருக்கிற சாப்பாட்டு மேஜை சேர்ல ஒரு குஷன் போட்டுக்கிட்டாலே போதும். பெரும்பாலான பேருக்கு 8,000லேர்ந்து 12,000 சரியான இடம்.

இப்ப அந்த "நோ காஸ்ட்" விஷயம். பேங்க் உங்ககிட்ட வட்டி வாங்காம இல்ல. வட்டி எவ்வளவோ அதைக் கடைக்காரர் முன்னாடியே தள்ளுபடியா குறைச்சுடறார், அவ்வளவுதான். அந்த வட்டி மேல வர்ற 18 சதவீத ஜிஎஸ்டி உங்க தலையில. 25,000 ரூபாய், 9 மாசம், 16 சதவீத வட்டின்னு வைங்க. வட்டி சுமார் 1,588. அதுக்கு ஜிஎஸ்டி 286. பிராசஸிங் கட்டணம் 199 இருந்தா, அதுக்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. மொத்தம் 521 ரூபாய் கூடுதல். தொகை சின்னதுதான். ஆனா மாசம் 2,778 ரூபாய் இஎம்ஐ, 32,000 சம்பளத்துல 8 சதவீதத்துக்கும் மேல, ஒரு நாற்காலிக்காக ஒன்பது மாசம் போகுது. அதுவும் முழுப் பணம் கட்டினா கிடைக்கிற கார்டு தள்ளுபடியை விட்டுட்டு.

"வரியில கழிக்க முடியுமா?" சம்பளக்காரருக்கு முடியாது. புது வரி முறையில 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் தர்றாங்களே, வேலை சம்பந்தப்பட்ட எல்லாச் செலவுக்கும் சேர்த்து அதுதான். அதனால முதல்ல எச்ஆர்கிட்ட ஒரு மெயில் போடுங்க. கம்பெனியே தன் பேர்ல சேர் வாங்கி உங்க வீட்டுக்கு அனுப்பினா, அதை உங்க சொந்த உபயோகம்னு கணக்கு வெச்சாலும், விலையில 10 சதவீதம்தான் வருஷத்துக்கு உங்க வருமானத்துல சேரும். 15,000 ரூபாய் சேருக்கு 1,500. நீங்க 20 சதவீத ஸ்லாப்ல இருந்தா, செஸ்ஸோட 312 ரூபாய் வரி. அதையே அலவன்ஸா சம்பளத்தோட குடுத்தா 15,000க்கும் வரி. ரெண்டுல எதுன்னு கேட்டு வாங்குங்க.

கடையில எதைப் பார்க்கணும்

ஹெட்ரெஸ்ட்டை மறந்துடுங்க. டைப் பண்ணும்போது தலை அதுல படவே படாது. விலையை ஏத்தறதுக்குன்னே இருக்கிற விஷயம். "பிஃப்மா" முத்திரைன்னு பெரிசா போட்டிருப்பாங்க. அது அமெரிக்க ஃபர்னிச்சர் தயாரிப்பாளர் சங்கத்தோட தரம். சேர் உடையாம உறுதியா இருக்குமான்னு சோதிக்கிறது. இருக்கறது நல்லதுதான், ஆனா உங்க முதுகுக்குப் பொருந்துமான்னு அது சொல்லாது.

அதை நீங்கதான் பார்க்கணும். முதுகு சாய்மானத்துல ஒட்டி உட்காருங்க. சீட்டோட முன் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் இடைவெளி வரணும். இடைவெளியே இல்லைன்னா சீட் உங்களுக்கு ஆழம் அதிகம். நீங்க முன்னாடி நகர்ந்து உட்காருவீங்க, முதுகுத் தாங்கி பின்னாடி சும்மா இருக்கும். என் கேமிங் சேர்ல நடந்தது இதுதான். அடுத்து, இடுப்புக்கு மேல இருக்கிற அந்த லம்பர் சப்போர்ட் மேலே கீழே நகரணும். கைத்தாங்கி மேஜைக்கு அடியில போற அளவுக்கு இறங்கணும். ஹைட்ராலிக் "கிளாஸ் 4" ஆன்னு கேளுங்க. ஏசி இல்லாத ரூம்னா மெஷ் எடுங்க. சென்னை மே மாசத்துல ரெக்ஸின் சேர் என்ன பண்ணும்னு நான் சொல்லத் தேவையில்ல.

இன்னொண்ணு. நம்ம மேஜைங்க பெரும்பாலும் 30 அங்குல உயரம். 5 அடி 2 அங்குலம் இருக்கிறவங்க முழங்கை மேஜை மட்டத்துக்கு வர சேரை ஏத்தினா, கால் அந்தரத்துல தொங்கும். அதுக்கு விலை கூடின சேர் தீர்வு இல்ல, காலுக்கு ஒரு பலகை போதும். நான் பழைய சிஏ ஸ்டடி மெட்டீரியலை ரெண்டு கட்டா கட்டிப் போட்டிருக்கேன். அந்தப் புக்கெல்லாம் இவ்வளவு நாள் கழிச்சும் உதவுதுன்னா பார்த்துக்கோங்க.

செகண்ட் ஹேண்ட்

எனக்குப் பிடிச்ச வழி இது. ஐடி கம்பெனிங்க ஆபீஸ் காலி பண்ணும்போது நல்ல பிராண்ட் சேரெல்லாம் பழைய ஆபீஸ் ஃபர்னிச்சர் கடைகளுக்கு வரும். கடைக்காரர் சொல்ற விலையில பேரம் பேச இடம் இருக்கும். உட்கார்ந்து அஞ்சு நிமிஷம் எழுந்திருக்காதீங்க, ஹைட்ராலிக் இறங்குதான்னு தெரிஞ்சிடும். சாய்மான லாக், சக்கரம், மெஷ் ஓரத்துல கிழிசல், மூணையும் பாருங்க. ஹெர்மன் மில்லர் ஏரான் கண்ணுல பட்டா, சாய்மானத்தோட மேல் விளிம்புக்கு உள்புறம் விரலால தடவுங்க. ஒரு புள்ளி இருந்தா ஏ, ரெண்டு பி, மூணு சி. சைஸ் அது. பெரும்பாலானவங்களுக்கு பி.

புதுசா ஆன்லைன்ல வாங்கினா, 24,999ஐ அடிச்சுட்டு 8,499ன்னு போட்டிருக்கிற பழைய விலையைப் பார்க்காதீங்க. ரிட்டர்ன் எத்தனை நாள், திருப்பி எடுத்துட்டுப் போக யார் செலவுன்னு பாருங்க. வந்த அன்னைக்கே மாட்டி, முழு நாள் வேலையை அதுல உட்கார்ந்து பாருங்க. ரிட்டர்ன் தேதி முடியற வரைக்கும் அட்டைப் பெட்டியைப் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடாதீங்கன்னு அம்மாகிட்டயும் சொல்லி வைங்க.