ஹோட்டல் பெயர் தெரியாமல் ரூம் புக் செய்யலாமா?

இன்டர்நெட்டில் வெளிநாட்டு ஹோட்டல்களைத் தேடினால் ஒரு விசித்திரமான அறிவிப்பு கண்ணில் படும். 4 ஸ்டார் ஹோட்டல், நகரின் மையப் பகுதி, பாதி விலை. ஆனால் ஹோட்டலின் பெயர் மட்டும் இருக்காது. பணம் கட்டிய பிறகுதான் பெயரைச் சொல்வார்கள்.

இது மோசடியோ என்று பயப்பட வேண்டாம். முறையாக நடக்கும் வியாபாரம்தான். கம்பெனி வேலையாகக் கலிபோர்னியாவில் இருந்தபோது நானே பல முறை இப்படி ரூம் எடுத்திருக்கிறேன். ஒரு முறை நன்றாக மாட்டிக்கொண்டும் இருக்கிறேன். அமெரிக்காவில் உள்ள மகனையோ மகளையோ பார்க்கச் செல்பவர்கள், அப்படியே நாலு ஊர் சுற்றிப் பார்க்க நினைத்தால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஏலத்தில் தொடங்கியது

1998-ல் அமெரிக்காவில் ஜே வாக்கர் என்பவர் பிரைஸ்லைன் என்ற வெப் தளத்தைத் தொடங்கினார். 'உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள்' என்பதுதான் அதன் சிறப்பு. முதலில் விமான டிக்கெட்டுக்கும், பிறகு ஹோட்டல் அறைகளுக்கும் இந்த முறை வந்தது.

வழக்கமான ஏலத்தில் பொருள் ஒன்று இருக்கும். வாங்குபவர்கள் போட்டி போடுவார்கள். இது தலைகீழ். நகரத்தின் எந்தப் பகுதி, எத்தனை ஸ்டார், எந்தத் தேதி, எவ்வளவு தருவீர்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டும். கிரெடிட் கார்டு எண்ணையும் முன்பே தந்துவிட வேண்டும். அந்த விலைக்கு ஏதாவது ஒரு ஹோட்டல் ஒத்துக்கொண்டால், உடனே கார்டில் பணம் எடுக்கப்படும். அதன் பிறகுதான் ஹோட்டல் பெயர் திரையில் வரும். பிடிக்கவில்லை என்று ரத்து செய்ய முடியாது.

விலை ஏற்கப்படாவிட்டால், 5 டாலர் கூட்டி உடனே மறுபடி கேட்கலாமா? முடியாது. 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அல்லது இன்னொரு பகுதியைச் சேர்ப்பது, ஸ்டாரைக் குறைப்பது என்று ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டும். இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால், 20 டாலரில் தொடங்கி ஒவ்வொரு டாலராக ஏற்றி மிகக் குறைந்த விலையை எல்லோரும் கண்டுபிடித்து விடுவார்களே!

இதிலும் சிலர் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். 4 ஸ்டார் ஹோட்டலே இல்லாத பகுதியாகப் பார்த்துச் சேர்த்தார்கள். பகுதி மாறியதால் மறுபடி விலை கேட்கலாம். ஆனால் அந்தப் பகுதியில் ரூம் கிடைத்துவிடும் என்ற பயம் இல்லை.

2016-ல் விமான டிக்கெட்டுக்கு இந்த முறை நிறுத்தப்பட்டது. பிறகு ஹோட்டல் அறைகளுக்கும் நின்றுபோனது. ஆனால் பெயரை மறைத்து விற்பது மட்டும் தொடர்கிறது. இப்போது விலையைத் தளமே சொல்லிவிடும். பிரைஸ்லைனில் இதன் பெயர் எக்ஸ்பிரஸ் டீல்ஸ். 2000-ல் தொடங்கிய ஹாட்வயரில் ஹாட் ரேட் என்பார்கள்.

ஏன் மறைக்கிறார்கள்?

ஒரு ஹோட்டலில் 200 அறைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாடகை 200 டாலர். இன்று இரவு 60 அறைகள் காலி. இன்று காலியாகக் கிடக்கும் அறையை நாளை சேர்த்து விற்க முடியாது. ஒருவர் தங்கினால் துணி துவைக்க, அறையைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு வாடகையைப் பார்க்கும்போது கொஞ்சம்தான். ஆகவே 90 டாலருக்குக் கொடுத்தாலும் ஹோட்டலுக்கு லாபமே.

ஆனால் 90 என்று வெளிப்படையாக அறிவித்தால், 200 தரத் தயாராக இருப்பவரும் 90-தான் தருவார். எனவே பெயரை மறைத்து விற்கிறார்கள். இந்த ஹோட்டல்தான் வேண்டும், பிளான் மாறினால் ரத்து செய்ய வேண்டும் என்பவர் இந்தப் பக்கம் வர மாட்டார். எங்கே என்றாலும் சரி என்பவர் மட்டும் வருவார். அதாவது, நமக்குக் கிடைக்கும் தள்ளுபடி சும்மா வருவதல்ல. தேர்ந்தெடுக்கும் உரிமையையும், மனம் மாறும் உரிமையையும் விற்றுத்தான் அதை வாங்குகிறோம்.

நான் மாட்டிக்கொண்ட கதை

அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அவர்களுக்கு நியூயார்க்கைக் காட்ட டிக்கெட் எடுத்தேன். வெள்ளி மாலை சான்பிரான்சிஸ்கோவில் கிளம்பும் விமானம், பயண நேரம் ஐந்தரை மணி, நேர வித்தியாசம் 3 மணி. ஆக, இறங்கும்போது சனிக்கிழமை ஆகி 20 நிமிடம் கடந்திருக்கும். டிக்கெட்டில் சனி என்று இருந்ததால் ஹோட்டலையும் சனிக்கிழமை முதலே புக் செய்தேன். பெயர் மறைத்த முறையில் ஓர் இரவுக்கு 118 டாலர். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு!

இரவு ஒன்றரை மணிக்கு ஹோட்டலுக்குப் போனால், "உங்கள் அறை இன்று மதியம் 3 மணிக்குத்தான்" என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் தூங்க வேண்டியது வெள்ளி இரவு. நான் வாங்கியிருந்தது சனி இரவு. தளத்துக்குப் போன் செய்தேன். இந்த வகை புக்கிங்கில் தேதியை மாற்ற முடியாது என்றார்கள். விதி அதுதான். படிக்காமல் கிளிக் செய்தது என் தவறு.

"விடுடா, இந்த சோபாவிலேயே விடியற வரைக்கும் உட்கார்ந்துக்கலாம்" என்றார் அப்பா. அம்மாவுக்கு மூட்டு வலி. வேறு வழியில்லாமல் அந்த ஓர் இரவுக்கு மட்டும் 260 டாலர் கட்டினேன். அறை காலியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் வேறெங்கும் போக முடியாத நிலையில் இருந்ததால் எனக்கு விலை 260. எங்கே என்றாலும் சரி என்று வீட்டில் உட்கார்ந்து கேட்டபோது 118.

பணம் கட்டும் முன் கவனிக்க வேண்டியவை

1. எந்த இரவு தூங்கப் போகிறீர்களோ, அந்தத் தேதிதான் செக்-இன் தேதி. நள்ளிரவுக்குப் பிறகு போய்ச் சேர்ந்தால் முந்தைய நாளைத் தேர்ந்தெடுங்கள். தாமதமாக வருவதை ஹோட்டலுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

2. வரி சேர்த்த மொத்தத் தொகையைப் பாருங்கள். அறை வாடகையுடன் கட்டாயமாக வாங்கும் ரிசார்ட் கட்டணம் போன்றவற்றைச் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்று 2025 மே மாதம் அமெரிக்காவில் விதி வந்தது. கார் பார்க்கிங், காலை உணவு போன்றவை தனிச் செலவாக இருக்கலாம்.

3. பொதுவாக அறை 2 பேருக்குத்தான். இரண்டு கட்டில் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. 3 பேர் என்றால் சாதாரண முறையில் புக் செய்யுங்கள்.

4. பெயரை ஓரளவு ஊகிக்கலாம். ஸ்டார், பகுதி, நீச்சல் குளம், தங்கியவர்கள் கொடுத்த மதிப்பெண் எல்லாம் தெரியும். அதே தேதிக்குப் பெயருடன் உள்ள பட்டியலை இன்னொரு விண்டோவில் திறந்து ஒப்பிட்டால் இரண்டு மூன்று ஹோட்டல்களில் வந்து நிற்கும். அவற்றில் எது கிடைத்தாலும் சம்மதமா என்று யோசியுங்கள்.

5. ரத்து செய்யக்கூடிய சாதாரண விலையையும் பாருங்கள். வித்தியாசம் 10, 15 டாலர்தான் என்றால் சாதாரண புக்கிங்கே மேல்.

6. இந்திய வங்கியின் கார்டு என்றால், வெளிநாட்டுப் பயன்பாடு இயக்கத்தில் உள்ளதா என்று வங்கியின் ஆப்பில் சரிபாருங்கள். ஹோட்டலிலும் முன்பணத்துக்குக் கார்டு கேட்பார்கள். தங்குபவர் பெயரில் கார்டு இருக்கட்டும்.

தனியாகப் போகும்போது இன்றும் நான் பெயர் தெரியாத ஹோட்டலைத்தான் எடுக்கிறேன். அப்பா, அம்மாவுடன் போனால் மட்டும் ரத்து செய்யக்கூடிய ரூம்தான். நீங்கள் யாருடன் போகிறீர்கள் என்பதைப் பார்த்து மவுஸை கிளிக் செய்யுங்கள்!